அத்தியாயம் 7: தோட்ட அலுவலகத்துக்கு எந்தச் சர்வர்?

ஆபிஸில் ஆறு கணினிகள், பெக்டரியில் இரண்டு, களஞ்சியத்தில் ஒன்று. செக்ரோல் ஒருவருடைய கணினியில் இருக்கிறது. சேமலாப நிதிப் பட்டியல் இன்னொருவருடையதில். கொழுந்து நிறைக் கணக்கு ஒரு பென்டிரைவில் அங்கும் இங்கும் போய் வருகிறது. கிளாக்கர் ஐயா லீவில் போய்விட்டால் சம்பளப் பட்டியலின் கடைசிப் பிரதி எது என்று யாருக்கும் தெரியாது. அப்புத்தளை, பண்டாரவளை, பசறை, லுணுகலைப் பக்கத்தில் இப்படி ஓர் அலுவலகம் உங்கள் பொறுப்பில் இருந்தால் இந்த அத்தியாயம் உங்களுக்குத்தான். கூட்டுறவுச் சங்கமோ பாடசாலை அலுவலகமோ நடத்துபவருக்கும் இதே முறை பொருந்தும்.

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கோப்புகளை ஓரிடத்தில் வைத்து எல்லோருக்கும் தருவது பைல் சர்வரின் வேலை. யார் உள்ளே வரலாம், எதைத் திறக்கலாம் என்பதை ஓரிடத்திலிருந்து முடிவுசெய்வது டொமைன் கன்ட்ரோலரின் வேலை. முதலாவது எல்லா அலுவலகத்துக்கும் தேவை. இரண்டாவது எல்லோருக்கும் தேவையில்லை. கோட்பாடு இவ்வளவு போதும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்வர் படுத்துவிட்டது, பதுளைக்குப் போகும் வீதி மண்சரிவில் மூடிக் கிடக்கிறது, இணையமும் இல்லை. அந்த நாளில் அலுவலகத்தில் இருப்பவரே அதை எழுப்ப முடியுமா? முடியும் என்றால் அது உங்களுக்கான மென்பொருள். கொழும்பிலிருந்து ஆள் வந்தால்தான் முடியும் என்றால், எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் வேண்டாம். அங்கிருந்து பதுளைக்கு ரயிலில் ஏறக்குறைய 290 கிலோமீற்றர். ஒரு நாள் பயணத்திலேயே போய்விடும்.

முதலில் கணக்கெடுப்பு

1. ஒரு கொப்பியில் எல்லாக் கணினிகளையும் எழுதுங்கள்: எங்கே இருக்கிறது, யார் பாவிக்கிறார், எந்த விண்டோஸ், ஹோம் பதிப்பா புரோ பதிப்பா. கடைசி விபரம் மிக முக்கியம். விண்டோஸ் ஹோம் பதிப்பை டொமைனில் சேர்க்கவே முடியாது. ஒன்பது கணினியில் ஐந்து ஹோம் என்றால், ஐந்துக்கும் புரோ உரிமம் வாங்கும் செலவையும் சர்வர் செலவோடு சேர்த்தே பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. அடுத்த பக்கத்தில் கோப்புகள். செக்ரோல், சம்பளம், சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும், மடுவத்திலிருந்து வரும் கொழுந்து நிறை, பெக்டரிப் பதிவுகள், கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலையின் விபரம், உரக் களஞ்சியம், தோட்ட வைத்தியசாலைப் பதிவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர்: யார் எழுதுகிறார், யார் பார்க்க மட்டும் செய்கிறார்.

3. எந்தெந்தக் கோப்பு தொலைந்தால் திரும்ப உருவாக்க முடியாது என்று சிவப்புக் கோடு இடுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டத்தின் பங்காக 12 சதவீதமும் போகின்றன. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண் ஓய்வுபெறும்போது கையில் வாங்கும் பணம், அந்தப் பட்டியலில் அவர் பெயரும் அங்கத்துவ எண்ணும் சரியாக இருப்பதில்தான் தங்கியிருக்கிறது. இந்த வேலையை ஏன் கவனமாகச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அடையாள அட்டை எண், சம்பளம், நோய் விபரம் ஆகியவை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. அவற்றுக்கும் தனிக் குறி இடுங்கள்.

டொமைன் உங்களுக்குத் தேவையா?

4. கீழே உள்ள கேள்விகளுக்கு ஆம், இல்லை என்று பதில் எழுதுங்கள்.

- பத்துக்கு மேற்பட்ட கணினிகள் இருக்கின்றனவா?
- ஒரே ஆள் வெவ்வேறு நாளில் வெவ்வேறு கணினியில் அமர்கிறாரா? ஆபிஸில் காலை, பெக்டரியில் மாலை என்று?
- ஊழியர்கள் அடிக்கடி இடமாற்றம் பெற்றுப் போகிறார்களா? போனவருடைய பாஸ்வேர்டை அன்றே நிறுத்த வேண்டியிருக்கிறதா?
- சம்பளக் கோப்பை யார் திறந்தார் என்ற பதிவு உங்களுக்கு வேண்டுமா?

இரண்டு அல்லது அதற்கு மேல் ஆம் என்றால் டொமைன் அமைக்கலாம். இல்லையென்றால் வெறும் பைல் சர்வரே போதும். ஆறு கணினி உள்ள அலுவலகத்தில் டொமைன் அமைத்தால், பழுதாகக்கூடிய இன்னொரு பொருளை உள்ளே கொண்டுவந்ததாகத்தான் முடியும். விற்பவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இந்த விடயத்தில் உறுதியாக இருங்கள்.

5. தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள். 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளின் முகாமைக்குக் கைமாறியதிலிருந்து பல முடிவுகள் கொழும்பில்தான் எடுக்கப்படுகின்றன. அங்கே ஏற்கெனவே விண்டோஸ் டொமைன் இருந்தால், தோட்டத்தில் இன்னொன்றைத் தனியாகத் தொடங்காதீர்கள்; பிறகு இரண்டையும் இணைப்பது பெரும்பாடு. அதற்குப் பதிலாக "வாசிக்க மட்டும்" அனுமதிக்கும் டொமைன் கன்ட்ரோலர் ஒன்றைத் தோட்டத்தில் வைக்கும்படி கேளுங்கள். விண்டோஸ் சர்வர் 2008இலிருந்து இந்த வசதி உண்டு. பூட்டுக் குறைந்த, இணைப்பு மெதுவான கிளை அலுவலகங்களுக்காகவே செய்யப்பட்டது அது. சர்வர் திருட்டுப் போனாலும் கம்பெனி முழுவதன் பாஸ்வேர்டுகளும் அதோடு போகாது.

எதிரே இருக்கும் வழிகள்

நாஸ் பெட்டி. கோப்புகளை வைத்து எல்லோருக்கும் தருவதற்கென்றே வரும் ஆயத்தப் பெட்டி; சினாலஜி, கியூநாப் போன்றவை. வட்டுகளைப் பொருத்தி, மின்சாரம் கொடுத்து, பிரவுசரில் அமைப்புகளைச் செய்தால் அன்றே வேலை தொடங்கலாம். டொமைன் வேண்டாதவருக்கு இதுவே முதல் தெரிவு. பிற்பாடு டொமைன் வந்தால் அதில் உறுப்பினராகவும் சேர்க்கலாம்.

விண்டோஸ் சர்வர். படம் பார்த்து இயக்கலாம், தெரிந்த ஆட்கள் அதிகம், சம்பள மென்பொருள் விற்பவர் "இதில்தான் ஓடும்" என்று சொன்னால் வேறு வழியும் இல்லை. செலவுதான் பிரச்சினை. ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு சர்வர் உரிமம் ஒன்று, அதைத் தொடும் ஒவ்வொரு ஆளுக்கும் அல்லது கருவிக்கும் தனி உரிமம் இன்னொன்று. இரண்டாவதை விலைப்பட்டியலில் காட்டாமல் விடுவது வழக்கம். கேட்டு எழுதி வாங்குங்கள். எசென்ஷியல்ஸ் பதிப்புக்கு அந்தத் தனி உரிமம் வேண்டாம். 25 பேர், 50 கருவிகள் என்பது அதன் எல்லை. சர்வர் இயந்திரத்தோடு சேர்த்து, தயாரிப்பாளர் வழியாகத்தான் கிடைக்கும். தோட்டமொன்றுக்கு அந்த எல்லை தாராளம்.

லினக்ஸில் சாம்பா. விண்டோஸ் கணினிகள் கோப்பு பரிமாறப் பேசும் மொழியை (எஸ்எம்பி) லினக்ஸ் சர்வரும் பேசவைக்கும் இலவச, திறந்தமூல மென்பொருள். அவுஸ்திரேலியாவில் அன்ட்ரூ டிரிட்ஜெல் 1990களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கியது. ஐரோப்பிய ஆணைக்குழு மைக்ரோசொஃப்டுக்கு எதிராகக் கொடுத்த தீர்ப்பின் விளைவாக, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டி அந்த மொழியின் முழு ஆவணங்களையும் சாம்பாவுக்காகப் பெற்றார்கள். 2012 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து விண்டோஸின் அக்டிவ் டிரெக்டரி டொமைனையே சாம்பா நடத்துகிறது. ஊழியர் கணினியில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆட்களைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாவற்றையும் ஒரு விண்டோஸ் புரோ கணினியில் மைக்ரோசொஃப்டின் நிர்வாகக் கருவிகளை நிறுவி அங்கிருந்தே செய்யலாம். உரிமச் செலவு இல்லை. ஆனால் அமைக்கும் நாளில் கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயப்படாத ஒருவர் வேண்டும்.

ஆயத்தத் தொகுப்புகள். ஸ்பெயினின் சென்டியால், ஜெர்மனியின் யூனிவென்ஷன். இரண்டுக்கும் உள்ளே ஓடுவது சாம்பாதான். பிரவுசரில் இயக்கலாம் என்பது வசதி. ஆனால் பழுது வந்தால் இரண்டு அடுக்கைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதால் தனி ஆள் நடத்தும் அலுவலகத்துக்கு நான் சிபாரிசு செய்வதில்லை.

முழுக்க முழுக்க இணையத்தில் வைத்துக்கொள்ளும் சேவைகள் பற்றியும் கேட்பீர்கள். பதுளை நகரத்தில் யோசிக்கலாம். மழை நாளில் சிக்னல் தேடி பங்களா மேட்டுக்கு ஏறவேண்டிய தோட்டத்தில், சம்பளக் கோப்பின் ஒரே பிரதியை இணையத்தில் வைக்கக் கூடாது.

என் முடிவு

நாலாம் படியில் இரண்டு ஆம் வரவில்லை: நாஸ் பெட்டி மட்டும். டொமைன் வேண்டாம்.

டொமைன் தேவை, அலுவலகத்தில் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் இருக்கிறார்: டெபியன் லினக்ஸில் சாம்பா டொமைன், கோப்புகளுக்குத் தனியாக நாஸ். இரண்டையும் ஒரே இயந்திரத்தில் வைக்க வேண்டாம் என்பது சாம்பாக் குழுவே சொல்லும் ஆலோசனை. டொமைனுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ள அலுவலகக் கணினி ஒன்றில் புதிய எஸ்எஸ்டியும் 8 ஜிபி நினைவகமும் போட்டால் போதும்.

டொமைன் தேவை, அப்படி ஒருவர் இல்லை, அல்லது சம்பள மென்பொருள் விண்டோஸைக் கட்டாயப்படுத்துகிறது: விண்டோஸ் சர்வர் எசென்ஷியல்ஸ், பணம் கொடுத்து வாங்கிய உரிமத்தோடு.

எச்சரிக்கை: "சர்வர் போட்டுத் தருகிறோம்" என்று சிலர் நிறுவிவிட்டுப் போவது 180 நாள் சோதனைப் பதிப்பு. நாள் முடிந்ததும் சர்வர் மணிக்கொரு தடவை தானாகவே அணையத் தொடங்கும். கள்ளப் பிரதி அதைவிட மோசம். உடைத்துத் திறந்த மென்பொருளோடு வேறு எதுவெல்லாம் உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. உரிமச் சான்றைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை: ஒரு சாதாரண விண்டோஸ் புரோ கணினியையே "சர்வர்" ஆக்கிவிடும் பழக்கம் உண்டு. அது ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. அதில் அமர்ந்திருப்பவர் மாலையில் அணைத்துவிட்டுப் போனால் எல்லோருடைய வேலையும் நிற்கும்.

வாங்குமுன் மீட்டுப் பாருங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

6. பழைய கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தெரிவுசெய்த மென்பொருளை நிறுவுங்கள். சாம்பா இலவசம், விண்டோஸ் சர்வரின் சோதனைப் பதிப்பை இந்தப் பரிசோதனைக்குப் பாவிப்பதில் தவறில்லை.

7. மூன்று ஆட்களின் பெயரில் கணக்கு, இரண்டு கோப்புறை, ஒவ்வொன்றிலும் சில கோப்புகள் உருவாக்குங்கள். விண்டோஸ் புரோ கணினி ஒன்றை டொமைனில் சேருங்கள்.

8. பிரதி எடுங்கள். சாம்பாவில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. டொமைன் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். விண்டோஸில் "சிஸ்டம் ஸ்டேட்" பிரதி. வெளி வட்டில் சேமியுங்கள்.

9. செய்த ஒவ்வொரு படியையும் தாளில் தமிழில் எழுதுங்கள். எந்தத் திரையில் எந்தப் பொத்தான், எந்தக் கட்டளை, என்ன விடை வரும். பாஸ்வேர்டுகளைத் தனி உறையிலிட்டு ஒட்டி, முகாமையாளரின் பெட்டகத்தில் வையுங்கள். விண்டோஸ் என்றால் மீட்புப் பயன்முறைக்கான தனிப் பாஸ்வேர்டையும் மறவாமல் எழுதுங்கள். நிறுவும்போது ஒருதடவை கேட்கும், அதற்குப் பிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

10. இப்போது சர்வர் வட்டை அழித்துவிடுங்கள். நீங்கள் கைகட்டி நில்லுங்கள். உங்களுக்குப் பதிலாக அலுவலகத்தில் உள்ள இன்னொருவர், அந்தத் தாளையும் வெளி வட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு மீட்கட்டும். இணையத்தைக் கழற்றிவிடுங்கள். தொலைபேசியும் வேண்டாம்.

அவர் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் தாளில் உள்ள குறை. "முன்பு சொன்ன முகவரியைப் போடவும்" என்று எழுதியிருப்பீர்கள். எந்த முகவரி என்று அவருக்குத் தெரியாது. திருத்தி எழுதி மறுபடி செய்யவையுங்கள். லினக்ஸ் என்றால் நிறுவும்போது பல பொதிகள் இணையத்திலிருந்து இறங்கியிருக்கும். இணையம் இல்லாத நாளுக்காக அவற்றையும் நிறுவல் வட்டையும் பென்டிரைவில் வைத்திருக்க வேண்டும் என்பது இந்தப் பயிற்சியில்தான் தெரியவரும். ஒரு வேலைநாளுக்குள் அவரால் எழுப்ப முடிந்தால் அந்த மென்பொருளை வாங்குங்கள். மூன்றாம் தடவையும் முடியாவிட்டால் மற்றதை முயலுங்கள்.

பெயர், முகவரி, நேரம்

டொமைன் வேலை செய்யவில்லை என்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் அடங்கும்.

11. டொமைன் பெயரை "லோக்கல்" என்று முடிக்காதீர்கள். அச்சு இயந்திரங்களும் கைத்தொலைபேசிகளும் அந்தப் பெயரை வேறு வேலைக்குப் பாவிக்கின்றன. தோட்டத்துக்கோ கம்பெனிக்கோ பதிவுசெய்த இணையப் பெயர் இருந்தால் அதன் கீழ் ஒரு கிளைப்பெயர் வையுங்கள். பிற்பாடு மாற்றுவது மிகக் கடினம். கணினிப் பெயர்கள் 15 ஆங்கில எழுத்துக்குள் இருக்கட்டும்.

12. சர்வருக்கு நிலையான முகவரி கொடுங்கள். எல்லாக் கணினியிலும் டிஎன்எஸ் முகவரியாக டொமைன் கன்ட்ரோலரின் முகவரி மட்டுமே இருக்க வேண்டும். "பாதுகாப்புக்கு" என்று இரண்டாவதாக ரவுட்டரையோ கூகுளின் 8.8.8.8ஐயோ போட்டுவிடுவார்கள். காலையில் வேலை செய்யும், மதியம் செய்யாது, மறுநாள் மீண்டும் செய்யும். இப்படிக் கண்ணாமூச்சி காட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

13. சர்வருக்கும் கணினிக்கும் நேர வித்தியாசம் 5 நிமிடத்தைத் தாண்டினால் உள்நுழைய விடாது. களஞ்சியத்துப் பழைய கணினியில் தாய்ப்பலகையின் வட்டப் பட்டரி செத்திருக்கும். மின்வெட்டு வந்து போனதும் அதன் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பாஸ்வேர்ட் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே விடாது. பிழைச்செய்தியும் எப்போதும் நேரத்தைச் சுட்டாது. சிஆர் 2032 பட்டரிகள் சிலவற்றை மேசை இழுப்பறையில் வைத்திருங்கள்.

மின்சாரமும் இடியும்

14. சர்வரை பெக்டரிக்குள் வைக்காதீர்கள். சலிக்கும் அறையிலிருந்து பறக்கும் தேயிலைத் தூசும் பஞ்சும் விசிறிகளை அடைத்துவிடும். ஆபிஸில், சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரையிலிருந்து உயரத்தில், பூட்டக்கூடிய அறையில் வையுங்கள். அப்புத்தளை போன்ற மூடுபனி இடங்களில் சர்வரை இரவில் அணைத்து அணைத்துப் போடாமல் ஓடவிடுவதே நல்லது. சூட்டில் ஈரம் படியாது.

15. யூபிஎஸ் இல்லாமல் சர்வர் வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. அவ்வளவு நேரம் தாங்கும் யூபிஎஸ்ஸைத் தேடாதீர்கள். அதன் வேலை, சர்வர் ஒழுங்காக அணைந்துகொள்ள அவகாசம் தருவது. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி வயரைச் சர்வரில் செருகி, பட்டரி குறைந்ததும் தானாக அணையும்படி அமையுங்கள். பிறகு சுவர் சுவிட்சை உண்மையாகவே அணைத்துப் பாருங்கள். யூபிஎஸ் பட்டரிக்கு ஆயுள் சில வருடங்கள்தான். வாங்கிய திகதியைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டுங்கள். ஜெனரேட்டருக்கு மாறும்போது வோல்ட்டு ஏறி இறங்கும் என்பதால், வோல்ட்டைச் சரிசெய்யும் வசதியுள்ள வகையைக் கேட்டு வாங்குங்கள்.

16. பாதுகாப்பு: ஆபிஸுக்கும் பெக்டரிக்கும் இடையே வெளியால் செப்பு லேன் கேபிள் இழுக்காதீர்கள். 100 மீற்றருக்கு மேல் அது வேலை செய்யாது என்பது ஒன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னல் வரும்போது இரு முனையிலும் உள்ள கருவிகளைச் சேர்த்து எரித்துவிடும் என்பது அதைவிடப் பெரிது. கட்டடங்களுக்கு இடையே ஃபைபர் கேபிள் போடுங்கள்; கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. உலோகக் கம்பி கலக்காத வகையைக் கேளுங்கள். ஆபிஸின் மண் இணைப்பைத் தகுதியுள்ள மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். 230 வோல்ட்டில் நீங்களே கைவைக்க வேண்டாம்.

கோப்புறைகளும் அனுமதியும்

17. கோப்புறைகள் குறைவாக இருக்கட்டும்: சம்பளம், பெக்டரி, களஞ்சியம், வைத்தியம், பொது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குழு. அனுமதியைக் குழுவுக்கே கொடுங்கள், தனி ஆளுக்குக் கொடுக்காதீர்கள். ஒருவர் இடமாறினால் குழுவிலிருந்து எடுத்தால் வேலை முடிந்தது. "கிளார்க் 1" என்று நாலு பேர் சேர்ந்து பாவிக்கும் கணக்கு வைக்காதீர்கள், ஆளுக்கொரு கணக்கு.

18. பழைய சம்பள மென்பொருள்களைச் சோதித்துப் பாருங்கள். டிபேஸ், ஃபொக்ஸ்புரோ, அக்ஸஸ் காலத்து மென்பொருள்களில் பகிர்ந்த கோப்பில் பல பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். இருவர் இரு கணினியில் திறந்து ஒரே நேரத்தில் பதியட்டும். பதிவு காணாமற்போனால், அந்தக் கோப்புறைக்கு மட்டும் "ஒப்லொக்" எனும் தற்காலிகச் சேமிப்பு வசதியைச் சர்வரில் நிறுத்துங்கள்.

19. தமிழில் கோப்புப் பெயர் வைக்கலாம், யூனிகோடில் மட்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பெயர் வேறு கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். நீளத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. லினக்ஸ் வட்டில் ஒரு பெயருக்கு 255 பைட் இடம்தான். ஒவ்வொரு தமிழ் எழுத்தும், அதன் மேலுள்ள புள்ளியும், பக்கத்துக் காலும் கொம்பும் தனித்தனியே 3 பைட் பிடிக்கும். "சம்பளப்பட்டியல்" என்ற ஒரு சொல்லே 45 பைட். விண்டோஸில் தாராளமாகச் சேமித்த நீளமான தமிழ்ப் பெயர், சாம்பாவுக்குப் பிரதி செய்யும்போது மறுக்கப்படுவது இதனால்தான். பெயரைச் சுருக்கி, திகதியை எண்ணில் எழுதுங்கள்.

20. எஸ்எம்பியின் முதலாம் பதிப்பை எங்கும் இயக்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, கப்பம் கேட்கும் வைரஸான வன்னாகிரை நுழைந்தது அந்தக் கதவால்தான். ஆபிஸில் உள்ள பழைய போட்டோகொப்பி இயந்திரம் ஸ்கேன் செய்ததைச் சர்வரில் போடுவதற்கு அதைத்தான் கேட்கும். அந்த இயந்திரத்தைப் பென்டிரைவில் ஸ்கேன் செய்யவிடுங்கள். அதற்காகச் சர்வரைத் திறந்துவிடாதீர்கள். பாஸ்வேர்ட் இல்லாத பொதுப் பகிர்வும் வேண்டாம். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அப்படிப்பட்ட பகிர்வை இயல்பாகவே ஏற்காது.

கணினிகளைச் சேர்க்கும் நாள்

21. சம்பள வாரத்தில் தொடாதீர்கள். கச்சான் காற்றடித்து ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை வரும் ஜூலை முதல் செப்டெம்பர்வரை பெக்டரிக் கணினிகளைக் குழப்பாதீர்கள். சம்பளம் போட்டு முடிந்த அமைதியான நாட்களே பொருத்தம்.

22. முதலில் ஒரே ஒரு கணினி. ஒரு வாரம் ஓடட்டும். பிறகு மற்றவை.

23. டொமைனில் சேர்ந்து முதல் தடவை உள்ளே வருபவருக்கு டெஸ்க்டொப் வெறுமையாகத் தெரியும். கோப்பெல்லாம் போய்விட்டது என்று பதறுவார். ஒன்றும் போகவில்லை, பழைய கணக்கின் கோப்புறையில் அப்படியே இருக்கிறது, புதிய கணக்குக்கு மாற்ற வேண்டும். இதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ஒவ்வொரு கணினியிலும் டொமைன் சாராத நிர்வாகிக் கணக்கு ஒன்றை, பாஸ்வேர்டோடு எழுதி வையுங்கள். டொமைன் படுத்தால் உள்ளே போக அதுதான் வழி.

பிரதிகள்

24. வட்டு இரண்டைக் கண்ணாடிபோல் இணைத்து வைப்பது பிரதி ஆகாது. ஒருவர் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். மூன்று பிரதிகள் வேண்டும்: சர்வரில் ஒன்று, கழற்றி வைக்கும் வெளி வட்டில் ஒன்று, தோட்டத்துக்கு வெளியே ஒன்று. வெளி வட்டுகள் இரண்டை மாறி மாறிப் பாவியுங்கள். எப்போதும் ஒன்று செருகாமல் இருக்கட்டும். செருகியிருக்கும் வட்டைக் கப்பம் கேட்கும் வைரஸும் பூட்டிவிடும். தோட்டத்துக்கு வெளியே போகும் வட்டைக் குறியாக்கம் செய்து பாஸ்வேர்டால் பூட்டுங்கள்.

25. மூன்றாவது பிரதி பதுளை மாவட்டத்தில் விருப்பத்துக்கு விடக்கூடியது அல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் மண்ணுக்குள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும்போது, வெளி வட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறுவது யார் என்று பெயர் குறித்து எழுதிவையுங்கள். ஆட்கள் முதலில்; வட்டு கைக்கெட்டினால் மட்டும். சர்வருக்காக யாரும் திரும்பிப் போகக் கூடாது.

26. இரண்டு டொமைன் கன்ட்ரோலர் வைத்திருப்பவருக்கு மட்டும்: ஒன்று பழுதானால் அதன் பழைய வட்டுப் படத்தை அப்படியே திரும்பப் போடாதீர்கள். மற்றதோடு கணக்கு முரண்பட்டுப்போகும். பழுதானதை டொமைனிலிருந்து நீக்கிவிட்டு, புதிதாக நிறுவிச் சேருங்கள். சாம்பாவில், உள்நுழைவு விதிகள் அடங்கிய கோப்புறை இரண்டுக்கும் இடையே தானாகப் பிரதியாகாது. அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

27. டொமைனின் பிரதி 180 நாளைத் தாண்டினால் அதைக்கொண்டு மீட்கக் கூடாது. எனவே ஆறு மாதம் தூங்கிய பிரதி, இல்லாத பிரதிதான். கிழமைக்கு ஒருதடவை பிரதி எடுங்கள். வருடத்தில் இரண்டு தடவை, பத்தாம் படியில் சொன்ன பயிற்சியைப் பழைய கணினியில் மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் செய்யட்டும். முதல் தடவைக்கான திகதியை, இந்த மாதச் சம்பளம் முடிந்த மறுநாளாக ஆபிஸ் கலண்டரில் இன்றே குறித்துவிடுங்கள்.